விடத்தல்தீவுக் கண்டல் காட்டுக்கு வள்ளத்தில் போக எந்த நேரம் நல்லது?

வவுனியாவில் இருந்து:
மார்கழி விடுமுறையில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் மன்னார்ப் பக்கம் உள்ள விடத்தல்தீவுக்குக் கூட்டிப்போக நினைக்கிறேன். கண்டலுக்குள், அதாவது அலையாத்திக் காட்டுக்குள், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அன்றே வீடு திரும்ப வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. எத்தனை மணிக்குப் போவது?

கரையில் பிறந்தவள்:
அக்கா, விடியற்காலை 6 மணிக்கே வள்ளத்தில் ஏறிவிடுங்கள். பிறகு வெயில் தாங்க முடியாது. கடல்நீர் இறங்கும் வற்று நேரத்தில் வள்ளம் சேற்றில் தட்டும்; நீர் ஏறும் பெருக்கு எப்போது என்று வள்ளக்காரரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். அம்மாவை இறங்குதுறையிலேயே ஏற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் நடக்க வேண்டிவரும்.

கண்டலுக்குள் நுழைந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கோலால் ஊன்றித் தள்ளச் சொல்லுங்கள். என் அப்பு எங்களை அப்படித்தான் கூட்டிப்போவார். சத்தம் அடங்கினால் இறால் துள்ளுவது காதில் விழும், நண்டுகள் வளையை விட்டு வெளியே வரும். வெண்கண்டல் இலையின் பின்பக்கத்தைப் பிள்ளைகள் நாக்கில் வைத்துப் பார்க்கட்டும், உப்புக் கரிக்கும். உள்ளே போன உப்பை அந்த மரம் இலைவழியே வெளியே தள்ளுகிறது.

முருங்கைக்காய் போலத் தொங்குபவை மரத்திலேயே முளைத்த கண்டல் கன்றுகள். தயவுசெய்து பறிக்க விடாதீர்கள். விழுந்து சேற்றில் குத்தி நின்றால் அது ஒரு மரம். அந்த வேர்களுக்கு இடையில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அவற்றால்தான்.

பூநகரியில் இருந்து:
தங்கச்சி சொல்வது சரி. ஆனால் மார்கழி வேண்டாம், மழையும் வாடைக்காற்றும் சேர்ந்துவிடும். தைக் கடைசியோ மாசியோ நல்லது, வலசைப் பறவைகளும் அப்போது இருக்கும். மன்னாரில் இறங்கி, பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். நேரம் மிஞ்சினால் வங்காலைக்கும் போய்ப் பாருங்கள். 2010 இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம், பூநாரைக் கூட்டம் கண்ணில் படலாம்.

வவுனியாவில் இருந்து:
மிக்க நன்றி. மாசியிலேயே போகிறோம். பிள்ளைகள் எந்த இலையையும் தொடலாமா?

கரையில் பிறந்தவள்:
இல்லை அக்கா, நல்ல வேளை கேட்டீர்கள். தில்லை மரத்துக்குக் கிட்டவே விடாதீர்கள். கிளை முறிந்தால் வெள்ளைப் பால் வடியும். தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எது வெண்கண்டல் என்று வள்ளக்காரர் காட்டிய பிறகு தொடட்டும்.