மாற்கு 13:14 – 'பாழாக்குகிற அருவருப்பு' கலிகுலா காலமா, கி.பி. 70ஆ?

கேள்வி:
மாற்கு 13, மத்தேயு 24, லூக்கா 21 மூன்றையும் படிப்பு வட்டத்துக்காக ஒப்பிட்டு வருகிறேன். மாற்கு 13:14இல் 'பாழாக்குகிற அருவருப்பு' நிற்கத்தகாத இடத்தில் நிற்பதைக் கண்டால் ஓடிப்போங்கள் என்று இயேசு சொல்கிறார். அது கி.பி. 70இல் ரோமரால் எருசலேம் ஆலயம் அழிந்ததைக் குறிக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு முன்பிருந்த ரோமப் பேரரசன் கலிகுலா காலத்துச் செய்தி என்பவர்களும் உண்டு. வசனத்திலேயே தடயம் இருக்கிறதா? லூக்காவில் அந்தச் சொற்களையே காணோமே, ஏன்?

பதில் 1:
முதலில் தானியேல் 9:27, 11:31, 12:11 படியுங்கள். அடுத்து 1 மக்கபேயர் 1:54 (கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கும்). கி.மு. 167இல் சீரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கு எருசலேம் பலிபீடத்தின் மேல் அந்நிய பீடம் எழுப்பியதைத்தான் அங்கே இப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பழைய அவமானம் திரும்ப வரும் என்ற அச்சமே மாற்கில் ஒலிக்கிறது.

அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. தன் சிலையை ஆலயத்தில் நிறுத்தும்படி கலிகுலா சீரியா ஆளுநர் பெத்ரோனியுவுக்கு ஆணையிட்டான். பெத்ரோனியு காலம் கடத்தினார், கி.பி. 41 ஜனவரியில் கலிகுலா கொல்லப்பட்டதால் சிலை வரவே இல்லை. கிரேக்க மூலத்தில் 'அருவருப்பு' அஃறிணைச் சொல், ஆனால் 'நிற்கிற' என்பது ஆண்பால். ஆகவே ஓர் ஆளையோ ஆளின் சிலையையோ மனத்தில் வைத்து எழுதியிருக்கலாம்.

70ஐ நேரடியாகப் பொருத்தினால் ஒரு சிக்கல். ரோமத் தளபதி தீத்துவின் முற்றுகை ஏப்ரலில் தொடங்கி, ஆகஸ்டில் ஆலயம் எரிந்தது. ரோமர் ஆலயத்துக்குள் நின்ற பிறகு 'யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடிப்போகக்கடவர்கள்' என்பது பயன்படாத அறிவுரை. அதனால் கலிகுலா காலத்து அச்சம், 70இல் ஆலய அழிவில் முடிந்த யூத-ரோமப் போரின்போது மீண்டும் உயிர்பெற்றது என்ற விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது.

ஒரு எச்சரிக்கை: பழைய தமிழ் வேதாகமத்தில் இந்த வசனத்தில் தானியேலின் பெயர் இருக்கும். மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அது மத்தேயுவில் மட்டுமே உண்டு. கவனிக்காவிட்டால் ஒப்பீடு தவறாகிவிடும்.

பதில் 2:
லூக்கா 21:20இல் அதே இடத்தில் 'எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதை' என்று வருகிறது. முற்றுகை நடந்து முடிந்தபின் எழுதியவரின் விளக்கம் அது. 21:24இல் 'புறஜாதியாரின் காலம்' என்று நகரத்தின் வீழ்ச்சிக்கும் முடிவுக்கும் நடுவே இடைவெளி விடுகிறார். மத்தேயுவோ 24:29இல் உபத்திரவம் 'முடிந்தவுடனே' முடிவு வரும் என்று நெருக்குகிறார்.

மூன்று பத்திகளாக எழுதி, முதலில் சீஷர்களின் கேள்வியை ஒப்பிடுங்கள். மாற்கு 13:4இல் ஆலயத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வருகையும் உலக முடிவும் மத்தேயு 24:3இல்தான் சேர்கின்றன. மத்தேயுவின் கேள்வியை வைத்துக்கொண்டு மாற்கின் பதிலைப் படிப்பதால்தான் பாதிக் குழப்பம்.

அடுத்து 13:24-26இன் பழைய ஏற்பாட்டு வரிகளைக் குறியுங்கள்: ஏசாயா 13:10, 34:4, தானியேல் 7:13. ஏசாயா 13 பாபிலோனின் வீழ்ச்சியைப் பற்றியது. ஒரு நகரம் விழுவதைச் சொல்லவே சூரியன் இருளும் மொழி அங்கே வந்திருக்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இவையெல்லாம் நடக்கும் முன் 'இந்தச் சந்ததி' ஒழிந்துபோகாது என்று மாற்கு 13:30 சொல்கிறதே, அது?

பதில் 2:
13:4இல் கேட்ட ஆலய அழிவுக்கு அது பொருந்துகிறது. 30க்கும் 70க்கும் நடுவே ஒரு தலைமுறைதான். மனுஷகுமாரன் மேகங்களில் வருவதைச் சொல்லும் 26ஆம் வசனத்தையும் சேர்த்தால்தான் நெருடல். மாற்கு 9:1 (தேவனுடைய ராஜ்யம் வருவதைக் காணுமுன் சிலர் மரிப்பதில்லை), 13:32 (அந்த நாளை ஒருவரும் அறியார்) இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். யோவானில் இந்த உரையே இல்லை. யோவான் 21:23இல் மட்டும், இயேசுவுக்கு அன்பாயிருந்த சீஷன் மரிப்பதில்லை என்று பரவிய பேச்சு திருத்தப்படுகிறது.