புதுப்பிப்பு: பேட்டரியை டிக்கிக்கு மாற்றியபின் திணறிய ஸ்டார்ட்டர் சரியாகிவிட்டது

பேட்டரியை டிக்கிக்கு மாற்றியதிலிருந்து காரின் ஸ்டார்ட்டர் (எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்) திணறுகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

பாசிட்டிவுக்கு 35 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போட்டும் கொஞ்சம்தான் முன்னேற்றம். கைகொடுத்தது, ஸ்டார்ட் அடிக்கும்போதே எர்த் பக்க (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) வோல்டேஜ் இழப்பை அளக்கச் சொன்ன யோசனை. பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே 1.6 வோல்ட்! நெகட்டிவ் கேபிளைப் பாடியோடு இணைக்கும் டிக்கி போல்ட்டில் பெயிண்ட் இருந்து தொடர்பைத் தடுக்கும் என்று சந்தேகித்தேன். அங்கே வெறும் 0.1. எதிர்பாராத குற்றவாளி, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பழைய மெல்லிய ஒயர். முன்பு நெகட்டிவ் கேபிள் நேராக எஞ்சினுக்கே போனது. இப்போது ஸ்டார்ட்டர் கரண்ட் முழுவதும் இந்த ஒயர் வழியே. அதையும் தடிமனாக்கியதும் 0.3க்கு இறங்கியது.

அப்புறம், மெயின் ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நான் எஞ்சின் பக்கம் வைத்திருந்தேன்; வழியில் கேபிள் உரசி ஷார்ட் ஆகியிருந்தால் அது காப்பாற்றியிருக்காது.