செயின்ட் லூயிஸுக்கு அப்பா அம்மாவோட மூணு நாள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

முக்கொம்பு_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சிகாகோ பக்கம் இருக்கோம். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. அக்டோபர்ல வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் லீவு போட்டு செயின்ட் லூயிஸ் போகலாம்னு இருக்கோம். ஐ-55ல கார்லதான் வர்றோம்.

அப்பா பொதுப்பணித்துறையில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காவிரி, கொள்ளிடம், ஷட்டர், மதகுன்னே வாழ்ந்த மனுஷன். அமெரிக்கா வந்த நாள்லேர்ந்து அவர் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: "மிசிசிப்பியை எப்பக் காட்டப் போறே?" அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில நடப்பாங்க, படி ஏற முடியாது. சுத்த சைவம், முட்டை கலந்ததும் சாப்பிட மாட்டாங்க. பையனுக்கு ஒன்பது வயசு, ஒரு இடத்துல நிக்க மாட்டான்.

நெட்ல தேடினா எல்லாரும் ஆர்ச்ங்கிற அந்தப் பெரிய எஃகு வளைவு, ஜூ, பீர் கம்பெனின்னு ஒரே பட்டியலைத்தான் போடறாங்க. அங்க இருக்கிறவங்க யாராவது சொன்னா உதவியா இருக்கும்.

ரெண்டு_வாலு_அப்பா:

சார், பையனுக்கு சிட்டி மியூசியம். வேற யோசனையே வேண்டாம். பேரைப் பார்த்து கண்ணாடிப் பெட்டி, சிலைன்னு நினைச்சுடாதீங்க. பழைய ஷூ கம்பெனிக் கட்டடம் அது. பாப் கஸ்ஸிலிங்கிற சிற்பி அந்தக் கட்டடத்தையே ஏறி இறங்கி ஊர்ந்து விளையாடற இடமா மாத்திட்டார். 1997ல திறந்தது. ஷூவை மாடியிலேர்ந்து கீழே அனுப்பறதுக்கு வச்சிருந்த சுருள் சறுக்குப் பாதையிலேயே இப்ப பசங்க பத்து மாடி சறுக்கிட்டு வர்றாங்க. வெளியில ரெண்டு பழைய விமானத்தோட உடம்பை ஆகாசத்துல நிறுத்தி, கம்பிக் குழாய் வழியா உள்ளே போற மாதிரி செஞ்சிருக்காங்க. பெரிய பசங்க, அப்பாமாருங்க எல்லாரும் தவழ்றாங்க. முட்டிக்கு பேட் எடுத்துட்டுப் போங்க, முழு பேன்ட் போட்டு விடுங்க. பெரியவங்களுக்கு அது சரிப்படாது. அந்த அரை நாள் அவங்களை வேற எங்கயாவது விட்டுடுங்க.

மிசூரி_மல்லிகை:

தம்பி, உங்க அப்பா கேட்கிறதுதான் சரி. இங்க வர்றவங்க நிறைய பேர் ஆர்ச் மேல ஏறி, அந்தக் குட்டி ஜன்னல் வழியா ஆத்தை ஒரு பார்வை பார்த்துட்டு, மிசிசிப்பியைப் பார்த்தாச்சுன்னு கிளம்பிடறாங்க. எனக்கு மனசு ஆறவே ஆறாது. 1764ல பிரெஞ்சு வியாபாரிங்க இங்க வந்து இறங்கினதே, மிசூரி ஆறும் மிசிசிப்பியும் சேர்ற இடம் பக்கத்துல இருக்குங்கிறதாலதான். மூணு நாள்ல ஒரு முழு நாளை ஆத்துக்கே ஒதுக்குங்க. அந்த நாளை மட்டும் விவரமா சொல்றேன்.

காலையில முதல்ல ஆல்ட்டன் போயிடுங்க. டவுன்டவுன்லேர்ந்து வடக்கே அரை மணி நேரம், இல்லினாய் கரை. அங்க மெல்வின் பிரைஸ் அணையும் அதோட லாக்கும் இருக்கு. லாக்னா, கப்பலை ஏத்தி இறக்க ரெண்டு பக்கமும் கதவு போட்ட தண்ணித் தொட்டி. பக்கத்துலயே கிரேட் ரிவர்ஸ் மியூசியம், டிக்கெட் கிடையாது. அணையைச் சுத்திக் காட்ட கூட்டிட்டுப் போவாங்க, நேரத்தை மட்டும் முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. அப்பாவுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடுங்க: நம்ம ஊர் அணை மாதிரி பாசனத்துக்குத் தண்ணி தேக்கற அணை இல்லை இது. கப்பல் போக ஒன்பது அடி ஆழம் வேணும், அதுக்காக மட்டுமே கட்டினது. மினியாபோலிஸ்லேர்ந்து இங்க வரைக்கும் இந்த மாதிரி வரிசையா கட்டி, ஆத்தையே படிக்கட்டு மாதிரி ஆக்கி வச்சிருக்காங்க. செயின்ட் லூயிஸ் ஊருக்கு வடக்கே ஒரு லாக் இருக்கு, அதுதான் கடைசி. அதைத் தாண்டிட்டா கடல் வரைக்கும் மிசிசிப்பியில குறுக்கே ஒரு அணை கூடக் கிடையாது.

அங்க போய் அவசரப்படாதீங்க. பார்ஜ்னு சொல்ற தட்டையான சரக்குப் படகுங்க வரிசையா வர்ற வரைக்கும் காத்திருங்க. அக்டோபர்ல அறுவடை சமயம், சோளமும் சோயாவும் தெற்கே போயிட்டே இருக்கும். ஒரு பார்ஜுல சுமார் 1500 டன். அகலத்துக்கு மூணு, நீளத்துக்கு அஞ்சுன்னு பதினஞ்சு பார்ஜை இரும்புக் கயித்தால ஒண்ணாக் கட்டி, பின்னாலேர்ந்து ஒரே ஒரு படகு தள்ளிட்டு வரும். லாக்கோட அகலம் 110 அடி. மூணு பார்ஜ் சேர்ந்தா 105 அடி. அதாவது ரெண்டு பக்கமும் ரெண்டரை ரெண்டரை அடிதான் இடம். படகு ஓட்டறவர் சுமார் ஆயிரம் அடி பின்னால உட்கார்ந்திருக்கார், முன்னால சுவர் அவருக்குச் சரியாத் தெரியாது. அதனால முன் பார்ஜோட மூலையில ஒருத்தர் ரேடியோவை வச்சுக்கிட்டு நிப்பார். இன்னும் இத்தனை அடி, இத்தனை அடின்னு சொல்லிட்டே வருவார். அந்தக் கணக்கை மட்டும் கேட்டு அவ்வளவு பெரிய கூட்டத்தை உள்ளே நுழைப்பாங்க. கதவு மூடினதும் தண்ணி இறங்க ஆரம்பிக்கும். பம்ப் எதுவும் கிடையாது, மேட்டுத் தண்ணி பள்ளத்துக்குத் தானாப் போகுது. ஷட்டர்ல வேலை பார்த்த மனுஷனுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

அங்கேர்ந்து பத்து நிமிஷம் வந்தா ஹார்ட்ஃபோர்ட். கன்ஃப்ளூயன்ஸ் டவர்னு உயரமான கோபுரம், லிஃப்ட் இருக்கு, அம்மாவும் மேலே வரலாம். ரெண்டு ஆறும் சேர்ற இடம் அங்கேர்ந்து தெரியும். மிசூரி தண்ணி மண் கலந்து வர்றது, நல்ல வெயில்ல பார்த்தா நிற வித்தியாசம் தெரியும். அமெரிக்காவோட மேற்கை ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும் 1803 குளிர்காலம் பூரா இந்தப் பக்கத்துலதான் முகாம் போட்டு, 1804 மே 14ம் தேதி மிசூரி ஆத்து வழியா மேற்கே கிளம்பினாங்க. பக்கத்துலயே அதுக்கு ஒரு மியூசியம் இருக்கு, பையனுக்குப் பிடிக்கும்.

சாயங்காலம் ஆர்ச்சுக்கு நேர் எதிர்க்கரை, கிழக்கு செயின்ட் லூயிஸ்ல மால்கம் மார்ட்டின் பார்க். அதுல உயரமான ஒரு மேடை, ஏறிப் போக சரிவுப் பாதைதான், படி தேவையில்லை. முன்னாடி ஆறு, அதுக்கப்புறம் ஆர்ச், ஆர்ச்சுக்குப் பின்னாடி சூரியன் இறங்கும். ஊரை முழுசாப் பார்க்கணும்னா எனக்குத் தெரிஞ்சு இதுதான் இடம். அங்க நிக்கிறப்போ வலது கை பக்கம் ஈட்ஸ் பாலம் தெரியும், அப்பாகிட்ட காட்டுங்க. 1874ல திறந்தது, பெரிய அளவுல எஃகை வச்சுக் கட்டின முதல் பாலம். தூண் போட ஆத்தடியில காத்தழுத்தம் வச்ச பெட்டிக்குள்ள இறங்கித் தோண்டினாங்க. மேலே வந்ததும் உடம்பு மடங்கிப் போய் பத்துக்கும் மேல செத்தாங்க. அந்த நோய்க்குக் காரணம் அப்ப யாருக்கும் சரியாப் பிடிபடலை. பாலம் தாங்குமான்னு ஜனங்க பயந்ததால, முதல்ல ஒரு யானையை நடத்திக் காட்டினாங்க, அப்புறம் ரயில் இன்ஜின்களை வரிசையா ஏத்தினாங்க. இப்பவும் அதோட கீழ்த்தட்டுல மெட்ரோ ரயில் போகுது. ஒரு டிக்கெட் எடுத்து அதுலயே ஆத்தைத் தாண்டிப் பாருங்க.

முக்கொம்பு_பையன்:

அக்கா, ரொம்ப நன்றி. அப்பாவுக்கு சத்தமாப் படிச்சுக் காட்டினேன். லாக்னா என்னன்னு நான் கேட்கிறதுக்குள்ள அவரே பேப்பர்ல படம் போட்டுட்டார். பக்கிங்காம் கால்வாய்லயும் அந்தக் காலத்துல லாக் இருந்ததாம். ரெண்டரை அடி இடத்துல நுழைக்கிறதைப் பார்க்காம சிகாகோ திரும்ப மாட்டேங்கிறார்.

ரெண்டு சந்தேகம். அம்மா ஆர்ச் மேல போக முடியுமா? கஹோக்கியான்னு ஒரு இடத்தைப் பத்தியும் படிச்சேன், போகலாமா?

கார்பயணி:

கஹோக்கியா நான் போயிருக்கேன். புல் மேடு, அவ்வளவுதான். ஏறி நின்னு போட்டோ எடுத்துட்டு இருபது நிமிஷத்துல வந்துட்டோம். டைம் இருந்தாப் போங்க. ஆர்ச் டிக்கெட்டை ஆன்லைன்ல முன்கூட்டியே எடுத்துடுங்க, வார இறுதியில தீர்ந்துடும்.

மிசூரி_மல்லிகை:

கார்பயணி, டிக்கெட் விஷயம் சரி. கஹோக்கியாவுல உங்க கருத்தை நான் ஒத்துக்க மாட்டேன். மெக்சிகோவுக்கு வடக்கே ஐரோப்பியர்கள் வர்றதுக்கு முன்னாடி இருந்த மிகப் பெரிய ஊர் அது. 1982ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கினாங்க. கி.பி. 1050ஐ ஒட்டி அது பெருசா எழுந்தப்போ நம்ம பக்கம் ராஜேந்திர சோழனோட கங்கைகொண்ட சோழபுரம் தலைநகரா இருந்தது. மங்க்ஸ் மவுண்ட்னு சொல்ற பெரிய மேடு சுமார் நூறு அடி உயரம். அவ்வளவும் கூடையில சுமந்து கொட்டின மண். இழுக்க மாடு கிடையாது, சக்கர வண்டியும் கிடையாது. மழைத் தண்ணி உள்ளே இறங்கி மேடு சரியாம இருக்க களிமண், மணல்னு அடுக்கடுக்காப் போட்டிருக்காங்க. மண் அணை தெரிஞ்சவங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலைன்னு புரியும். தம்பி, அப்பாவையும் பையனையும் படி ஏற விடுங்க, மேலேர்ந்து ஆர்ச் தெரியும். அம்மா கீழேயே சமதரையில மரவட்டத்தைப் பார்க்கலாம். சூரியன் உதிக்கிற திசையை வச்சு பருவம் கணக்குப் பண்ண நட்ட கம்பங்கள், பழைய குழிகளைக் கண்டுபிடிச்சு திரும்ப நட்டிருக்காங்க. மேட்டுலேர்ந்து கொஞ்ச தூரம், கார்லயே போயிடலாம். செயின்ட் லூயிஸ் நகரத்துக்குள்ளயும் இதே மாதிரி மேடுகள் நிறைய இருந்தது. கிட்டத்தட்ட எல்லாத்தையும் 19ம் நூற்றாண்டுலயே வெட்டி ரயில் பாதைக்கும் ரோட்டுக்கும் கொட்டிட்டாங்க. மிச்சம் இருக்கிறதை மதிச்சுப் பார்க்கணும்னு நான் நினைக்கிறேன்.

ஆர்ச்: அம்மா மேலே போக வேண்டாம். உள்ளே உச்சிக்கு ஏத்திட்டுப் போற டிராம்ல ஒரு கூண்டுக்கு அஞ்சு பேர், கதவு நாலடி உயரம்தான், குனிஞ்சுதான் நுழையணும். அது போக ஏறி இறங்கப் படிகளும் உண்டு, வீல்சேர் மேலே போகாது. மேலே போனாலும் சரிஞ்ச சுவர் மேல வயித்தை வச்சுப் படுத்த மாதிரி எட்டித்தான் ஜன்னல் வழியாப் பார்க்கணும். நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க, ஏற நாலு நிமிஷம், இறங்க மூணு. அம்மாவுக்குக் கீழே இருக்கிற மியூசியமே போதும், நல்ல பெரிய மியூசியம், இலவசம், லிஃப்ட் உண்டு. கூண்டோட மாதிரியும் அங்கயே வச்சிருக்காங்க, உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்பாகிட்ட சொல்றதுக்கு ஒரு விஷயம்: ஆர்ச் உயரமும் 630 அடி, ரெண்டு காலுக்கும் நடுவுல அகலமும் 630 அடி. ரெண்டு காலையும் தனித்தனியாக் கட்டி மேலே கொண்டு வந்து, 1965 அக்டோபர் 28ம் தேதி கடைசித் துண்டைச் செருகினாங்க. வெயில் பட்டு தெற்குக் கால் விரிஞ்சிடும்னு, தீயணைப்புக் குழாயை வச்சு அது மேல தண்ணி அடிச்சுக் குளிர வச்சாங்க. வடிவமைச்ச ஈரோ சாரினன் 1961லயே இறந்துட்டார், அவர் இதைப் பார்க்கவே இல்லை. எதிர்ல பச்சைக் குவிமாடம் வச்ச பழைய கோர்ட்டுக்கும் அவசியம் போங்க. டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் அடிமைத்தனத்துலேர்ந்து விடுதலை கேட்டு வழக்காடினது அங்கதான். 1850ல ஜெயிச்சாங்க. 1857ல உச்ச நீதிமன்றம் அவங்களுக்கு எதிராத் தீர்ப்பு சொல்லுச்சு. உள்நாட்டுப் போருக்கு வழி போட்டதுல அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பையனுக்குப் புரியற வயசுதான், சொல்லிக் கொடுங்க.

மூணாவது நாள் ஃபாரஸ்ட் பார்க். 1904 உலகக் கண்காட்சி நடந்த இடம். ஜூ, ஆர்ட் மியூசியம், ஹிஸ்டரி மியூசியம் மூணும் இலவசம். 1971ல இந்த ஊர் ஜனங்களே ஓட்டுப் போட்டு, சொத்து வரியில ஒரு பங்கை ஜூவுக்கும் ஆர்ட் மியூசியத்துக்கும் ஒதுக்கினாங்க, ஹிஸ்டரி மியூசியம் பின்னாடி சேர்ந்தது. வெளியூர்லேர்ந்து வர்ற உங்களுக்கும் அதே கதவுதான் திறக்குது. ஜூவுல பார்க்கிங்குக்கு மட்டும் காசு.

பசங்களை சிட்டி மியூசியத்துல விடற நேரத்துல, அம்மாவை பொட்டானிக்கல் கார்டன் கூட்டிட்டுப் போங்க. இதுக்கு டிக்கெட் உண்டு. கிளைமட்ரான்னு ஒரு கண்ணாடிக் குவிமாடம், 1960ல கட்டினது, உள்ளே ஒரு தூண் கூடக் கிடையாது. வெளியில குளிரா இருந்தாலும் உள்ளே நம்ம ஊர்ப் புழுக்கம், வாழை, காப்பிச் செடி எல்லாம் இருக்கும். ஊர் ஞாபகத்துல இருக்கிறவங்களுக்கு அது நல்லா இருக்கும்.

சாப்பாடு, கவனமா இருங்க. இந்த ஊர் ஸ்பெஷல்னு சொல்ற டோஸ்டட் ரவியோலியில வழக்கமா மாட்டுக்கறிதான் இருக்கும். கூயி பட்டர் கேக்ல முட்டை. டெட் ட்ரூஸ் கடை ஐஸ்க்ரீம் மாதிரியே தெரியும், ஆனா அது கஸ்டர்ட், முட்டை மஞ்சள் கரு சேர்ந்தது. பையனுக்கு வாங்கிக் கொடுங்க, கோப்பையைத் தலைகீழாக் கவுத்துக் காட்டிட்டுக் கொடுப்பாங்க. அம்மாவுக்கு வேண்டாம். மேற்குப் புறநகர்ப் பக்கம் நம்ம ஊர் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பால்வின்ல இந்துக் கோவிலும் இருக்கு.

முக்கொம்பு_பையன்:

அக்கா, அப்ப வெள்ளிக்கிழமை ஆர்ச்சும் கோர்ட்டும், சனிக்கிழமை ஆறு, ஞாயிறு மீதி எல்லாம். கஹோக்கியாவை எங்க வைக்கிறது?

மிசூரி_மல்லிகை:

வெள்ளிக்கிழமை வர்ற வழியிலேயே வைங்க. நீங்க ஐ-55ல தெற்கே வர்றப்போ, கஹோக்கியா இருக்கிற காலின்ஸ்வில், ஆத்தைத் தாண்டறதுக்கு முன்னாடியே வந்துடும். விடிகாலையில கிளம்பினா பதினோரு மணிக்கு அங்க இருக்கலாம், மத்தியானம் ஆர்ச். சிட்டி மியூசியத்தையும் கார்டனையும் ஞாயிறு மத்தியானத்துக்கு வச்சுக்குங்க. கார்ல பையை வெளியில தெரியற மாதிரி வைக்காதீங்க. கிளம்பறதுக்கு முதல் நாள் ஆத்து மட்டத்தை மட்டும் பார்த்துடுங்க. முப்பது அடியைத் தாண்டினா இங்க வெள்ளம்னு அர்த்தம், இன்னும் ஏறினா கரையோர ரோட்டை மூடிடுவாங்க. 1993ல 49.58 அடி வந்தது. அக்டோபர்ல பெரும்பாலும் தண்ணி குறைவாத்தான் இருக்கும், இருந்தாலும் அப்பாவே தினமும் அந்த மட்டத்தைப் பார்த்துட்டு இருப்பார்னு நினைக்கிறேன், அவர்கிட்டயே விட்டுடுங்க.