குடும்பக் குழு: அபிக்கு ட்ரெயினிங் கொன்ட்ராக்ட்

[17:06] கலா மாமி: பிள்ளைகள், என்ர மகள் அபி யூனியில இரண்டாம் வருசம் லோ, சட்டப் படிப்பு. ட்ரெயினிங் கொன்ட்ராக்ட்டுக்கு இப்பவே போடோணும் எண்டு நிக்கிறாள். டிகிரியே முடியேல்லை, அதுக்குள்ள என்னெண்டு வேலைக்குப் போடுறது? தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா வடிவா விளங்கப்படுத்துங்கோ.

[17:11] சிவா அண்ணா: மாமி, அவள் சொல்லுறது சரி. ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் எண்டது சொலிசிற்றர், அதாவது சட்டத்தரணி ஆகிறதுக்கு ஒரு ஃபேர்மில, சட்ட நிறுவனத்தில, வேலை பழகிற இடம். லண்டன் பெரிய ஃபேர்ம்கள் ரெண்டு, மூண்டு வருசம் முந்தியே ஆக்களை எடுத்து வைக்கும். லோ படிக்கிற பிள்ளையள் இரண்டாம் வருசத்தில வெக்கேசன் ஸ்கீமுக்குப் போடுறது. அது லீவில ஃபேர்முக்குள்ள போய் வேலை பழகிறது, கூடுதலா ரெண்டு கிழமை, சம்பளமும் உண்டு. அந்த ரெண்டு கிழமையும் ஒரு நீண்ட நேர்முகம் எண்டு நினையுங்கோ. கடைசியில பார்ட்னர், அதாவது ஃபேர்மிட பங்காளி, ஒராள் இருந்து கதைச்சு முடிவெடுப்பார்.

[17:13] சிவா அண்ணா: ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் கிடைச்சால், டிகிரி முடிய எஸ்.கியூ.ஈ எண்ட சொலிசிற்றர் சோதனைக்குப் படிக்கிற காசை ஃபேர்மே கட்டும், வாடகை சாப்பாட்டுக்கும் ஒரு தொகை தரும். அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் ட்ரெயினிங். ஆறு மாசத்துக்கு ஒரு பிரிவு, மொத்தம் நாலு. அதைத்தான் 'சீற்' எண்டு சொல்லுறது.

[17:15] அபி: அக்கா, நான் ஒரு லிஸ்ட் போட்டு வைச்சிருக்கிறன். 35 ஃபேர்ம். காணுமோ?

[17:19] துவாரகா அக்கா: கூடிப்போச்சு. எட்டு, மிஞ்சிப்போனால் பத்து. மற்றதை வெட்டு. 35 போடுற ஆள் ஒரே பதிலை 35 இடத்துக்கு அனுப்புற ஆள்தான், ஃபேர்மில இருந்து வாசிக்கிற எங்களுக்கு முதல் பந்தியிலேயே தெரிஞ்சிடும். ஒரு அப்ளிகேசனுக்குப் பத்து மணித்தியாலமாவது ஒதுக்கு.

[17:20] துவாரகா அக்கா: மூடுற திகதியையும் நம்பாத. செப்டெம்பர் கடைசியில, ஒக்டோபரில திறப்பினம். கன இடம் டிசம்பர், ஜனவரியில மூடும். 'ரோலிங்' எண்டு போட்டிருந்தால் வர வரப் பார்த்து நேர்முக இடத்தை நிரப்பிக்கொண்டு போவினம். ஜனவரியில மூடுற இடத்துக்குக் கிறிஸ்மஸ் லீவில இருந்து எழுதினால் மிஞ்சின இடத்துக்குத்தான் போட்டி. ரோலிங் இடங்களை நவம்பர் நடுவுக்குள்ள முடி. ரோலிங் இல்லாத இடத்தைப் பிறகு பார்.

[17:24] அபி: 'ஏன் எங்கட ஃபேர்ம்?' எண்டதுக்குத்தான் என்ன எழுதுறது எண்டு தெரியேல்லை. 250 சொல்லுக்குள்ள முடிக்கோணும். இப்ப இருக்கிறது இதுதான்: உலகளாவிய ரீதியில முன்னணி நிறுவனம், சிறந்த பயிற்சி, எல்லாரையும் உள்வாங்கிற பண்பாடு.

[17:31] துவாரகா அக்கா: ஃபேர்மிட பேரை எடுத்துப்போட்டு தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபேர்மிட பேரைப் போட்டு வாசி. வசனம் அப்பிடியே நிக்குதோ? நிண்டால் அழி. நீ எழுதினதில மூண்டும் நிக்குது.

[17:35] துவாரகா அக்கா: பதிலுக்குள்ள மூண்டு சாமான் வரோணும். அவையள் செய்யிற வேலையில ஒரு திட்டமான விசயம், அது ஏன் உனக்குப் பிடிச்சது, உன்ர பக்கத்தில அதுக்கு என்ன சாட்சி. நீ போன வருசம் மூட் எண்ட மாதிரி வழக்குப் போட்டியில பில் ஒஃப் லேடிங், அதாவது கப்பல் சரக்குப் பத்திரக் கேஸ் வாதாடினாய் எல்லோ? கப்பல் வேலை பெரிசாச் செய்யிற ஃபேர்முக்கு இப்பிடி எழுதலாம்: 'உங்கட சீற் ஒழுங்கில கப்பல் கடனும் இருக்கு, சரக்குத் தகராறு வழக்கும் இருக்கு. ஒரு ஒப்பந்தம் எழுதப்படேக்க எப்பிடி, உடைஞ்சபிறகு எப்பிடி எண்டு ரெண்டு பக்கமும் பார்க்கலாம். மூட்டில நான் வாதாடினது உடைஞ்சபிறகு வந்த பிரச்சினையை. எழுதேக்கயே அதைத் தடுத்திருக்கலாம் எண்டது அப்பதான் விளங்கினது.' இதை ஆங்கிலத்தில 80 சொல்லுக்குள்ள அடக்கலாம். வேற ஃபேர்மிட பேர் இதில ஒட்டாது.

[17:38] சிவா அண்ணா: பேரையும் கவனி. பழைய கட்டுரையைப் பார்த்து அலன் அண்ட் ஓவரி எண்டு எழுதாத. 2024 மேயில ஷேர்மன் அண்ட் ஸ்ரெர்லிங்கோட சேர்ந்து இப்ப ஏ அண்ட் ஓ ஷேர்மன். ஹேர்பேர்ட் சிமித் ஃபிரீஹில்ஸும் 2025 ஜூனில இருந்து பின்னுக்கு கிரேமர் சேர்ந்துதான். ஒரு ஃபேர்மிட ஃபோமில மற்ற ஃபேர்மிட பேர் கிடந்தால் அதுக்கங்கால ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்.

[17:40] கலா மாமி: ஏஐயைக் கொண்டு எழுதுவிச்சால் என்ன? இவளிட சிநேகிதப் பிள்ளையள் எல்லாம் அப்பிடித்தானாம்.

[17:44] துவாரகா அக்கா: அதுதான் மாமி பிரச்சினை. எல்லாரும் அதே பெட்டிக்குள்ள அதே கேள்வியைப் போட, அதே சொல்லுகளோட பதில் வந்து குவியுது. சில ஃபேர்ம் பாவிக்கக் கூடாது எண்டே ஃபோமில எழுதிக் கையொப்பம் கேக்குது. எழுத்துப்பிழை பார்க்கப் பாவிக்கலாம் எண்டு விடுற இடமும் இருக்கு. ஒவ்வொரு ஃபோமிலயும் அந்த வரியைத் தேடி வாசிக்கோணும். நேர்முகத்தில பார்ட்னர் அந்த ஃபோமைக் கையில வைச்சுக்கொண்டுதான் கேப்பார். தான் எழுதாத வசனத்துக்கு மறுகேள்வி வந்தால் பிள்ளை தடுமாறும்.

[17:46] அபி: வேலை அனுபவம் எண்ட பெட்டியில போட ஒண்டும் இல்லை. அப்பாவிட கடையில சனிக்கிழமை நிக்கிறதுதான்.

[17:51] துவாரகா அக்கா: அதைத்தான் போடு! 'கடையில உதவி' எண்டு ஒரு வரியில முடிச்சிடாத. நீ என்ன செய்யிறாய்? தனிய நிண்டு பூட்டுறாய். டில் காசையும் கார்ட் மெசின் றிப்போர்ட்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் எங்கை எண்டு தேடுறாய். சிகரெட், மதுவுக்கு வயது அடையாளம் கேட்டு, காட்டாத ஆளைத் திருப்பி அனுப்பி, மறுத்ததைப் பதியிற புத்தகத்தில எழுதுறாய். கோவிச்சுக் கத்துற ஆளைச் சமாளிக்கிறாய். இதெல்லாம் ஒரு சட்டத்தரணிக்குத் தேவையான வேலைதான். மாசம், வருசம் சரியாப் போடு. லிங்க்ட்இன்னில ஒண்டு, ஃபோமில இன்னொண்டு எண்டு இருந்தால் வேலைக்கு எடுக்கேக்க செய்யிற சோதனையில கேள்வி வரும்.

[17:53] துவாரகா அக்கா: இன்னொரு விசயம். 'கொன்டெக்ஸ்சுவல்' எண்டு ஒரு பகுதி வரும். பள்ளிக்கூடம், ஃபிரீ ஸ்கூல் மீல்ஸ், தாய் தகப்பன் யூனி போனவையோ எண்டெல்லாம் கேப்பினம். எங்கட ஆக்கள் வெக்கத்தில 'சொல்ல விருப்பமில்லை' எண்டு தட்டிவிடுறது. தட்டாத. உன்ர ஏ லெவல் மார்க்கை உன்ர பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் எடுத்ததோட வைச்சுப் பார்க்கத்தான் அந்தப் பகுதி. ஏ, பி, பி எடுத்திருந்தாலும் நல்ல மார்க்காத் தெரியலாம்.

[17:55] கலா மாமி: நான் யாழ்ப்பாணத்தில பி.ஏ. முடிச்சனான். அதையும் யூனி எண்டு போடோணுமோ?

[17:56] துவாரகா அக்கா: ஓம் மாமி, உண்மையைத்தான் போடோணும். மற்றக் கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி போட்டால் அதுவே காணும்.

[18:02] அபி: ஃபேர்ம்கள் வைக்கிற வொட்சன் கிளேசர் எண்ட தர்க்கச் சோதனையைப் பழகிப் பார்த்தன். 40 கேள்வி, 30 நிமிசம். 24தான் சரி. ஏன் பிழைக்குது எண்டே விளங்கேல்லை.

[18:09] சிவா அண்ணா: அஞ்சு பகுதியும் அஞ்சு விதமான கேள்வி. ஒண்டிட விதியை மற்றதுக்குப் போடுறதாலதான் பிழைக்கிறது. ஒரு உதாரணம் தாறன். 'எல்லாச் சொலிசிற்றர்மாரும் காப்புறுதி வைச்சிருக்கினம். காப்புறுதி வைச்சிருக்கிற சில ஆக்கள் லீட்ஸில இருக்கினம். ஆகவே சில சொலிசிற்றர்மார் லீட்ஸில இருக்கினம்.' முடிவு சரி வருமோ?

[18:10] அபி: வரும். லீட்ஸில சொலிசிற்றர்மார் இருக்கினம்தானே.

[18:14] சிவா அண்ணா: வராது. லீட்ஸில காப்புறுதியோட இருக்கிற அந்தச் சில பேர் பல் டொக்டர்மாரா இருக்கலாம். உலகத்தில எது உண்மை எண்டு டிடக்சன் எண்ட இந்தப் பகுதி கேக்கேல்லை, அந்த ரெண்டு வசனத்தில இருந்து கட்டாயம் வருதோ எண்டுதான் கேக்குது. உனக்குத் தெரிஞ்ச லீட்ஸை மறந்துபோட்டுப் பார்.

[18:18] சிவா அண்ணா: அசம்ப்சன், அதாவது எடுகோள் பகுதி, இன்னொரு மாதிரி. 'நேர்முகத்துக்குப் பிந்தாமல் இருக்க முதல் ரயிலைப் பிடிப்பம்.' இதில 'முதல் ரயிலில போனால் பிந்துற வாய்ப்புக் குறைவு' எண்டது ஒளிஞ்சிருக்கிற எடுகோள். 'முதல் ரயில் ஒருநாளும் பிந்தாது' எண்டது இல்லை, சொன்ன ஆள் அவ்வளவு தூரம் போகேல்லை. 'ஒருநாளும்', 'எல்லாரும்', 'மட்டும்' மாதிரிச் சொல்லு வந்தால் நிண்டு நிதானிச்சு வாசி.

[18:20] சிவா அண்ணா: இன்ஃபரன்ஸ், அதாவது ஊகிக்கிற பகுதியில மட்டும்தான் 'அநேகமா உண்மை', 'அநேகமாப் பொய்', 'தகவல் காணாது' எல்லாம் வரும். அதில பொது அறிவு கொஞ்சம் பாவிக்கலாம், மற்ற நாலிலயும் கூடாது. ஒரு நேரத்தில ஒரு பகுதியை மட்டும் எடுத்து நேரம் பார்க்காமல் பழகு. பிழைச்ச கேள்விக்கு ஏன் பிழை எண்டு கொப்பியில ஒரு வரி எழுது. நேரம் வைச்சுச் செய்யிறது பிறகு. சில ஃபேர்ம் ஃபோம் அனுப்பின உடனேயே சோதனை லிங்கைத் தரும், திறந்திருக்கிறது சில நாள்தான். பழகி முடிக்காமல் ஃபோமை அனுப்பாத.

[18:27] நிரோ: சிவாண்ணா, ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் கிடைக்காத ஆக்களுக்கும் வழி சொல்லுங்கோ. ஈஸ்ட் ஹாமில ஒரு இமிகிரேசன் ஒஃபிசில சேரக் கேக்கினம். அது கியூ.டபிள்யூ.ஈக்கு, சொலிசிற்றர் ஆகக் காட்டுற வேலை அனுபவத்துக்கு, எடுபடுமோ?

[18:34] சிவா அண்ணா: எடுபடலாம். 2021 செப்டெம்பரில எஸ்.கியூ.ஈ வந்தபிறகு ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் இல்லாமலும் சொலிசிற்றர் ஆகலாம். முழுநேரக் கணக்கில ரெண்டு வருசம், நாலு இடத்துக்கு மிஞ்சக் கூடாது. யூனி லோ கிளினிக், லோ சென்டர் மாதிரிச் சட்ட உதவி இடங்கள், பராலீகல் எண்ட சட்ட உதவியாளர் வேலை எல்லாம் சேர்க்கலாம். சேர முதல் ஒரு கேள்வி கேள்: முடிவில ஆர் கையொப்பம் வைப்பினம்? அந்த இடத்தில இருக்கிற சொலிசிற்றர், அல்லாட்டி விதிகள் பார்க்கிற கம்ப்ளையன்ஸ் ஒஃபிசர்தான் வைக்கலாம்.

[18:37] சிவா அண்ணா: எங்கட ஆக்களிட இமிகிரேசன் ஒஃபிஸ் கனக்க சொலிசிற்றர் ஃபேர்ம் இல்லை, ஆலோசகர் ஒஃபிஸ். உள்ளுக்கு ஒரு சொலிசிற்றரும் இல்லாமல் இருக்கலாம். அப்பிடியெண்டால் உன்ர வேலையை நேரில பார்த்த வெளிச் சொலிசிற்றர் ஒராள் வைக்கோணும். அந்த ஆளை ரெண்டு வருசம் முடியத் தேடாத, முதல் நாளே ஒழுங்குபடுத்து.

[18:41] துவாரகா அக்கா: வேலை என்ன எண்டதும் முக்கியம். தமிழ் மொழிபெயர்ப்பும் போட்டோகொப்பியும் மட்டும் எண்டால் எடுபடுத்திறது கஷ்டம். வாடிக்கையாளரிட்டை வாக்குமூலம் எடுத்து நீயே முதல் வரைவு எழுதுறது, ஆதாரக் கட்டு அடுக்கிறது, ஹோம் ஒஃபிசுக்கு, உள்துறை அமைச்சுக்கு, கடிதம் வரையிறது, இதெல்லாம் கேட்டு வாங்கு. ஒவ்வொரு வெள்ளியும் என்ன செய்தன், எந்தத் தகுதி வளர்ந்தது எண்டு பதிஞ்சு வை, வாடிக்கையாளரிட பேர் போடாமல். மனேஜர் மாறிப் போனால் அந்தப் பதிவுதான் உனக்குச் சாட்சி. காசு கட்டினால் கியூ.டபிள்யூ.ஈ தாறம் எண்டு ஆரும் சொன்னால் கிட்டப் போகாத.

[18:44] நிரோ: எஸ்.கியூ.ஈ சோதனைக் காசு எவ்வளவு?

[18:48] சிவா அண்ணா: 2025 செப்டெம்பரில இருந்து முதல் பகுதி 1,934 பவுண், ரெண்டாம் பகுதி 2,974 பவுண். படிப்புக் காசு வேற. லோ சொசைட்டி எண்ட சொலிசிற்றர் சங்கத்திட டைவர்சிட்டி அக்சஸ் ஸ்கீம் எண்டு ஒண்டு இருக்கு, கஷ்டத்தில இருந்து வாற ஆக்களுக்கு அந்தக் காசைக் கட்டும். திகதியைப் பார்த்துப் போடு. முதல் பகுதியில 360 கேள்வி, ரெண்டு நாள், புத்தகம் பார்க்கேலாது. ஒரு கேள்விக்கு 1.7 நிமிசம். ஆறு வருசத்துக்குள்ள மூண்டு தரம்தான் எழுதலாம், அதால 'சும்மா ஒருக்கா எழுதிப் பாப்பம்' எண்டு போகாத. 2025 ஜூலையில பாஸானது 41 வீதம்.

[18:50] சிவா அண்ணா: அபி, உனக்கும் இது இருக்கு. கனக்க ஃபேர்ம் முதல் தரமே பாஸாகோணும் எண்டு ஒப்பந்தத்தில போடும். பெயிலானால் இடம் போகுமோ, பின்னுக்குத் தள்ளுவினமோ, கட்டின காசைத் திருப்பிக் கேப்பினமோ? கையொப்பம் வைக்க முதல் இந்த மூண்டையும் தேடி வாசி.

[18:56] கஜன் (யாழ்): வணக்கம் எல்லாருக்கும். இஞ்ச சட்டத்தரணியா நாலு வருசம். அங்கை வந்தால் திரும்ப டிகிரியில இருந்தோ?

[19:01] சிவா அண்ணா: இல்லை கஜன். நீர் தகுதி பெற்ற சட்டத்தரணி, அதால கியூ.டபிள்யூ.ஈ தேவையில்லை. முதல் பகுதி அநேகமா எழுதத்தான் வேணும். ரெண்டாம் பகுதிக்கு அனுபவத்தைக் காட்டி எஸ்.ஆர்.ஏ எண்ட சொலிசிற்றர் ஒழுங்குமுறை அமைப்பிட்டை விலக்குக் கேக்கலாம். காசு கட்ட முதல் அந்த விண்ணப்பத்தைப் போடும். விலக்குக் கிடையாட்டி வாய்மொழிப் பகுதி இங்கிலாந்து, வேல்ஸில வந்துதான் செய்யோணும். விசாவையும் சேர்த்து யோசியும்.

[19:05] துவாரகா அக்கா: கஜனுக்கும் நிரோவுக்கும் ஒண்டு. சோதனைக்குப் பதியிற பேரும் கொண்டுபோற அடையாள அட்டையில இருக்கிற பேரும் ஒண்டா இருக்கோணும். எங்கட பேரில இதுதான் குழப்பம்: பாஸ்போர்ட்டில அப்பாவிட பேர் முன்னுக்கு, யூனியில உன்ர பேர் முன்னுக்கு, பாங்கில ஒரு எழுத்து கூட.

[19:07] நிரோ: என்ர பாஸ்போர்ட்டில அப்பாவிட பேர்தான் முதல் பேரா இருக்கு.

[19:09] துவாரகா அக்கா: அப்பிடியே பதி, பாஸ்போர்ட்டில இருக்கிற ஒழுங்கு, அதே எழுத்துகள். எஸ்.ஆர்.ஏ கணக்கிலயும் அதே. டிகிரிச் சான்றிதழில வேற மாதிரி இருந்தால் இப்பவே யூனிக்கு எழுதிக் கேள், கடைசி மாசத்தில ஓடாத.

[19:12] அபி: அக்கா, லிஸ்டை ஒன்பதாக்கிப்போட்டன். அதில ரோலிங் அஞ்சு. முதலாவதை வெள்ளிக்கிழமை அனுப்புறன், பேரை மாத்திப் போட்டுப் பாருங்கோ.