மதுரைப் பக்கம் குள்ளநரி எங்கே பார்க்கலாம்?

வைகைவாசி:
வணக்கம் மக்களே. பறவை பார்க்க அரிட்டாபட்டி, கீழக்குயில்குடி, சாமநத்தம் கண்மாய் என்று சுற்றுகிற ஆள் நான். கேமராவில் ராஜாளி வரைக்கும் சிக்கியாச்சு, குள்ளநரி மட்டும் கண்ணிலேயே படவில்லை. அப்பா காலத்தில் பொழுது சாய்ந்தால் ஊருக்கு வெளியே நரி ஊளை கேட்குமாம். இப்போது பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் போகிற தூரத்தில் எங்கேயாவது வாய்ப்பு உண்டா? மலை ஏறணுமா? ராத்திரி டார்ச் அடித்துத் தேடலாமா?

கரிசக்காட்டான்:
அப்பா கேட்டது பெரிய நரி, கூட்டமாக ஊளையிடுவது அதுதான். குள்ளநரி அதில் பாதி எடைகூட வராது, இரண்டு மூன்று கிலோ இருக்கும், கால் ஒல்லி, காது பெரிசு. வால் நுனி கறுப்பு என்பதை வைத்து முடிவு பண்ணாதீங்க, பெரிய நரிக்கும் அப்படித்தான். வால் நீளத்தைப் பாருங்க: குள்ளநரிக்கு உடம்பில் பாதிக்கு மேல் இருக்கும், ஓடும்போது பின்னால் நேராக நீட்டிக்கொண்டு போகும்.

மலை ஏற வேண்டியதே இல்லை. அதற்கு வெட்டவெளி வேண்டும்: பொட்டல், புல்தரை, இலந்தைப் புதர், அறுப்பு முடிந்த மானாவாரிப் புஞ்சை. திருமங்கலம் தாண்டி கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம், இல்லையென்றால் உசிலம்பட்டிக்கு மேற்கே தேடிப் பாருங்க. சீமைக்கருவேலம் அடைந்த கண்மாயும் ஆற்றுப் படுகையும் பெரிய நரிக்குத் தோது. (நரியைப் பரியாக்கிய லீலைக்கு ஆவணி மூலத்தில் அவ்வளவு கூட்டம் கூடுகிற ஊரில், நிஜ நரியைத் தேட ஒருத்தராவது கிளம்பியது சந்தோஷம்.)

கிடைவீட்டுப் பையன்:
தம்பி, கூகுள் மேப்பை மூடிவிட்டு வயலில் ஆட்டுக் கிடை போடுகிற கீதாரிகளை, அதாவது ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்க. ஆட்டுக்குட்டிகளைக் கூடாப்பு என்கிற கூடைக்குள் அடைத்துவிட்டு ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிறவர்கள் அவர்கள்தான், எந்தக் கரையில் நரி இறங்கும், எந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் "நரி எங்கே"ன்னு எடுத்த எடுப்பில் கேட்டால் பிடிக்க வந்த ஆள் என்று நினைத்து வாயே திறக்க மாட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்து மழை, மேய்ச்சல் என்று பேசிவிட்டுக் கேளுங்க.

நரி போடுகிற விட்டையையும் கவனிங்க. வரப்பு மேல், வண்டிப்பாதை நடுவில், கல் மேல் என்று கண்ணில் படுகிற இடத்தில்தான் போட்டு வைக்கும். ஒரு குச்சியால் பிரித்தால் இலந்தைக்கொட்டை, வண்டு ஓடு, எலி மயிர் எல்லாம் கிடக்கும். கையால் தொடாதீங்க.

முள்ளுக்காடு:
டார்ச் வேண்டாம் சார். கண்ணில் வெளிச்சம் பட்டால் மிரளும், அதோடு ராத்திரி விளக்கோடு திரிகிற ஆளை வேட்டைக்காரன் என்று ஊர்க்காரர்களே பிடித்து உட்கார வைப்பார்கள், அது நியாயமும்தான். பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காயை (வெடி வைத்த இரையை) கடித்துச் சாகிற நரியும் உண்டு, வலை போடுகிற ஆட்களும் உண்டு. அதிர்ஷ்டம் தரும் நரிக்கொம்பு என்று போலியைச் செய்து விற்கிற கூத்து வேறு. 1972 வனவிலங்குச் சட்டப்படி குள்ளநரி, பெரிய நரி இரண்டுமே பாதுகாக்கப்பட்ட விலங்குகள்.

விடியற்காலை இல்லையென்றால் பொழுது சாயும்போது, காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற மாதிரி கரையில் உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்க, அது போதும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் குட்டிகள் சாயங்காலம் வளை வாய்க்கு வந்து விளையாடும். ஒரே வளைக்கு நாலைந்து வாசல் இருக்கும், அதனால் ஒரு வாசலைப் பார்த்துவிட்டுக் கிட்டப் போகாதீங்க, தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாறிவிடும். படம் எடுத்தால் லொகேஷனை நீக்கிவிட்டுப் போடுங்க. நாயையும் கூட்டிப் போக வேண்டாம், நரிக்கு நோய் தொற்றுவதே பெரும்பாலும் நாயிடமிருந்துதான்.

வைகைவாசி:
ரொம்ப நன்றி. டார்ச் திட்டத்தைக் கைவிட்டாச்சு. பேரையூர்ப் பக்கம் கிடை எந்த மாசம் வரும்ணே?

கிடைவீட்டுப் பையன்:
அறுப்பு முடிந்து காடு காலியானதும் வந்துவிடும். தை கழியட்டும், அப்புறம் கிளம்புங்க.