மீன்தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது

கேள்வி (கோயம்புத்தூர்):
வணக்கம். எங்கள் வீட்டில் ஏறத்தாழ 120 லிட்டர் கொள்ளும் மூன்றடித் தொட்டி இரும்பு ஸ்டாண்டின் மேல் இருக்கிறது. பனிக்காலம் என்பதால் ஏஞ்சல் மீன்களுக்காக 100 வாட் ஹீட்டர் போட்டிருக்கிறேன். மூன்று நாட்களாகத் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் சுர்ரென்று இழுக்கின்றன. செருப்பு அணிந்திருந்தால் எதுவும் தெரிவதில்லை, வெறுங்காலுடன் நின்றால் மட்டுமே தெரிகிறது. டெஸ்டர் மங்கலாக எரிகிறது. ஆனால் மீன்கள் வழக்கம்போல் நீந்துகின்றன, எம்.சி.பி.யும் (மின்பலகையில் தானாகவே அணையும் சுவிட்ச்) விழவில்லை. இது உண்மையான கசிவுதானா, என் பிரமையா?

பதில் (மின்பணியாளர்):
பிரமை அன்று. இனி தண்ணீரில் கை வைக்காதீர்கள்; ஸ்டாண்டையும் தொடாதீர்கள். தொட்டியின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சுவிட்ச் தவறுதலாக நியூட்ரலில் மாட்டப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் ஃபேஸ் உள்ளே இருக்கும். எனவே மெயினை அணைத்துவிட்டு, எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள்.

மீன் நீந்துவதை ஆறுதலாகக் கொள்ள வேண்டாம். தண்ணீர் முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்போது, மின்கம்பியில் உட்கார்ந்த காக்கையைப் போல, மீனின் உடல் வழியாக மின்சாரம் பாய்வதற்கு வழியில்லை. தரையில் வெறுங்காலுடன் நிற்கும் நீங்கள்தான் அந்த வழி. எம்.சி.பி. விழாததும் வியப்பில்லை. அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் உரியது. 6 ஆம்பியர் எம்.சி.பி.யை விழச் செய்யாத மின்னோட்டத்தில் மிகச் சிறிய பங்கே மனித இதயத்தை நிறுத்தப் போதும்.

டெஸ்டரை நம்பிப் பழுதைத் தேடாதீர்கள். மின்காப்பு (இன்சுலேஷன்) நன்றாக உள்ள மோட்டாரிலிருந்து தூண்டப்படும் அற்ப மின்னழுத்தத்துக்கும் அது எரியும்; ஆகவே அதன் வெளிச்சத்தை வைத்து ஆபத்தின் அளவைச் சொல்ல முடியாது.

பதில் (மீன் வளர்ப்பவர், மதுரை):
கடையில் எர்த் புரோப் (தண்ணீரை எர்த்துடன் இணைக்கும் உலோகக் கம்பி) கிடைக்கும். அதைத் தண்ணீரில் போட்டால் ஷாக் நின்றுவிடும். நான் அப்படித்தான் செய்தேன்.

பதில் (மின்பணியாளர்):
ஷாக் நிற்கலாம், ஆனால் பழுது அப்படியே இருக்கும். ஆர்.சி.சி.பி. (மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் புரோப் போட்டால், அதுவரை போக்கிடம் இல்லாதிருந்த கசிவு தொட்டிக்குள் ஓயாமல் பாயும். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டிலோ, கசிவு அந்த அளவை எட்டும்போது இணைப்பு உடனே துண்டாகும். ஆகவே முதலில் ஆர்.சி.சி.பி., பிறகு வேண்டுமானால் புரோப்.

கேட்டவர்:
நன்றி ஐயா. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் மயிரிழை விரிசல் தெரிந்தது. சென்ற வாரம் தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைக்க மறந்தது நினைவுக்கு வருகிறது. எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்தார். மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயரே இல்லை! இத்தனை வருடமாக மூன்று பின் பிளக்கைச் செருகி நிம்மதியாக இருந்திருக்கிறேன். எர்த் இழுத்து ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று. ஆனால் ஹீட்டரைத் தூக்கிப் போட்ட பிறகும், தண்ணீரைச் சுத்தம் செய்யும் பவர் ஃபில்டரைச் செருகியவுடன் ஆர்.சி.சி.பி. விழுகிறது. ஆர்.சி.சி.பி.யே பழுதோ?

பதில் (மின்பணியாளர்):
ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் செய்கிறது. ஃபில்டரிலும் கசிவு இருக்கிறது. மெகரில் (மின்காப்பின் தடையை அளக்கும் கருவி) 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த ஃபில்டரை மீண்டும் தண்ணீரில் இறக்கக் கூடாது. வயர் மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் டேப் சுற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள், அது தண்ணீருக்குள் நிற்காது.

ஹீட்டர் உடைந்ததற்கான காரணம் நீங்கள் சொன்னதுதான். தண்ணீர் இறங்கியதும் வெளியே நின்று கொதித்த கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர் பட்டிருக்கும். இனி தண்ணீர் மாற்றுவதற்கு 20 நிமிடம் முன்பே பிளக்கைக் கழற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்குக் கீழே வைக்காமல் பக்கத்துச் சுவரில் உயர்த்தி மாட்டுங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்கை எட்டும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால், வழியும் நீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும்.

பதில் (மீன் வளர்ப்பவர், மதுரை):
புரோப் விஷயத்தில் என்னைத் திருத்தியதற்கு நன்றி. என் வீட்டில் ஆர்.சி.சி.பி. கிடையாது, இன்றே புரோப்பை எடுத்துவிடுகிறேன். ஒரு சிறு சேர்க்கை: நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது ஆர்.சி.சி.பி. விழுந்தால் ஃபில்டரும் நின்றுவிடும். கரண்ட் போனவுடன் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள்.