பதவி உயர்வுக் கடிதத்தில் தேதி பிந்திப்போனது: இராணுவக் குடும்பத்தினர் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

செந்தூல் மகள்:

அப்பாவின் மேஜர் பதவி உயர்வுக் கடிதத்தில் அமலுக்கு வரும் தேதி 1.10.1996. அவரோடு பயிற்சி முடித்த அத்தனை பேருக்கும் 1.1.1996. காரணம் இங்கே பலருக்கும் பழகியதுதான்: அவருடைய பணியை மதிப்பிட்டு மேலதிகாரி எழுதும் இரகசிய அறிக்கை, பதவி உயர்வு வாரியம் கூடியபோது கோப்பில் இல்லை. அப்பா ஐ.நா. அமைதிப்படையின் மலேசியப் பட்டாளத்தோடு போஸ்னியாவில், கோன்யிட்ஸ் ஊர்ப் பக்கம் இருந்துவிட்டு வந்தவர். அறிக்கை அங்கிருந்து வரவேண்டும்.

சேவையில் இருந்தவரை அவர் வாய் திறக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, 2004இல்தான் கேட்கப் போனார். நான்தான் கார் ஓட்டினேன். எந்த அலுவலகம் என்று எழுத விரும்பவில்லை. எதிரே ஓர் இளம் லெப்டினன்ட். "வாரியம் 1995 நவம்பரில் கூடியது, அறிக்கை டிசம்பரில் வந்தது, எங்கள் பக்கம் தவறில்லை" என்றார். அறிக்கையோடு வந்த முகப்புக் கடிதத்தை மட்டும் காட்டும்படி அப்பா கேட்டார்.

ஊதா மையில் 'பெறப்பட்டது' முத்திரை. நாளும் ஆண்டும் தெளிவாக இருந்தன. மாதத்தின் மேல்தான் கோப்பில் கோப்பதற்காகத் துளை போட்டிருந்தார்கள். மலாயில் அக்டோபரை OKT என்ற மூன்று எழுத்தாகவும் டிசம்பரை DIS என்றும் சுருக்குவார்கள். அப்பா தாளைச் சன்னல் பக்கம் சாய்த்தார். துளையின் கீழ் விளிம்பில், கடைசி எழுத்தின் அடி மட்டும் மிஞ்சியிருந்தது. நேராக இறங்கிய ஒரு கோடு. S என்றால் அந்த இடத்தில் வளைவு இருக்க வேண்டும்.

"இதை டிசம்பர் என்று எப்படிப் படித்தீர்கள், துவான்?" என்று கேட்டார்.

துவான். மலாயில் 'ஐயா' என்று பொருள். ஓய்வு பெற்ற மேஜர், தம் மகன் வயதுப் பையனை அப்படி அழைத்தார். முந்தைய ஆண்டு வரை அந்தப் பையன் விறைப்பாக நின்று அவரை அப்படி அழைத்திருக்க வேண்டும். துளையை மறந்தாலும் அந்த ஒரு சொல்லை என்னால் மறக்க முடியாது. பையன் ஒன்றும் பேசாமல் கோப்பின் நாடாவைக் கட்டினார். "எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம்" என்றார்.

முடிவைப் பிறகு எழுதுகிறேன். இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

பட்டர்வொர்த் அக்கா:

தங்கச்சி, படிக்கும்போதே நெஞ்சு அடைத்தது. என் வீட்டுக்காரர் இங்கே விமானத் தளத்தில் இருந்தவர். 1988இல் ஆஸ்திரேலியர்கள் தளத்தை நம்மிடம் ஒப்படைத்த பிறகு வந்த ஆள் மாற்றத்தில் அவருடைய மருத்துவப் பரிசோதனைத் தாள் எங்கோ மாட்டிக்கொண்டது. கெப்டன் பதவி நான்கு மாதம் தள்ளிப்போனது. அந்த நான்கு மாதத்துக்குள் இவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் முந்திவிட்டார். நேற்றுவரை எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்ட பையன்தான். அணிவகுப்புத் திடலில் இவர் முதலில் கையை உயர்த்த, அந்தப் பையன் பதில் வணக்கம் வைத்தான். வைக்கும்போது அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். வேலிக்கு வெளியே குழந்தையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவருடைய மேலதிகாரி நல்லவர். ஒரு கடிதம் எழுதினார், தேதி திருத்தப்பட்டது. மேலதிகாரி மனது வைத்தால் போதும் என்பது என் அனுபவம்.

பிரிக்பீல்ட்ஸ் தஞ்சாவூரான்:

நான் வேலைக்காகக் கோலாலம்பூர் வந்தவன். என் அண்ணன் இந்திய இராணுவத்தில் இருக்கிறார். 13 ஆண்டு சேவை முடித்தால் லெப்டினன்ட் கர்னல் என்ற முறை அங்கே 2004 டிசம்பரில் வந்தது. அவருக்கும் ஒரு தாள் பிந்தியதால் தேதி பிந்தியது. அண்ணி தொலைபேசியில் அழுததுதான் எனக்கு நினைவிருக்கிறது.

பட்டர்வொர்த் அக்கா சொல்வதை நான் ஏற்கவில்லை. மேலதிகாரி மனது வைத்தால் என்பது வழியே அல்ல. மாற்றலாகிப் போய்விட்டால்? மனது வைக்காவிட்டால்? உரிமையை எழுத்தில் கேட்க வேண்டும், அதுவும் காலத்தில் கேட்க வேண்டும். இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையில் அதற்குக் கிளையும் உண்டு. இறுதி ஆணை வந்தால் அன்றிலிருந்து 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால் 6 மாதம் காத்திருந்து, அடுத்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒவ்வோர் அதிகாரியின் வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஓய்வூதியம், சம்பளக் கணக்கு போன்றவை மாதாமாதம் தொடரும் தவறு, அதனால் பிந்திக் கேட்டாலும் ஓரளவு கிடைக்கும். ஆனால் பணி மூப்பு, பதவி உயர்வு என்றால் அது மற்றவர்களின் இடத்தையும் அசைக்கும், ஆகவே தாமதம் மன்னிக்கப்படாது. இன்னொன்று, காலியிடம் உண்டான நாளிலிருந்து பதவி உயர்வு கணக்காகாது, கொடுத்த நாளிலிருந்துதான் என்று 1989இல் வடேரா வழக்கில் தீர்ப்பு. ஆகவே "இடம் காலியாகத்தானே இருந்தது" என்று வாதாடிப் பயனில்லை. "என்னைப் பரிசீலித்திருக்க வேண்டிய நாளில் பரிசீலிக்கவில்லை, அதற்குக் காரணம் உங்கள் தவறு" என்று வாதாட வேண்டும். வேலை செய்யாததற்குச் சம்பளமா என்று கேட்பார்கள். செய்யத் தயாராக இருந்தவரை நிருவாகமே தடுத்திருந்தால் அந்த விதியை இயந்திரம்போலப் பொருத்தக்கூடாது என்று 1991இல் ஜானகிராமன் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. செந்தூல் சகோதரி, உங்கள் அப்பா எட்டு ஆண்டு பொறுத்திருந்தது பெருந்தவறு.

ஜெலுத்தோங் பழைய எழுத்தர்:

தம்பி, அந்தத் தீர்ப்பாயம் இந்தியாவில் இருக்கிறது. இங்கே அந்தச் சட்டமும் இல்லை, அந்தக் காலக்கெடுவும் இல்லை. நமக்கு 1972ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டம், அரசமைப்பின் 137ஆவது பிரிவில் சொல்லப்பட்ட ஆயுதப்படை மன்றம். நீதிமன்றம் என்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கேட்க வேண்டும். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 53ஆவது ஆணையைப் பாருங்கள், 3 மாதம்தான் அவகாசம். சகோதரியின் தந்தையைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: சேவையில் இருந்துகொண்டு மேலிடத்தைக் கேள்வி கேட்பது அன்று எவ்வளவு கடினம் என்று அந்த மேசையில் இருந்த எனக்குத் தெரியும்.

ஒரு முகாம் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவன் நான். ஒருமுறை ஆணையைப் படியெடுக்கும்போது தற்காலிகப் பதவி தொடங்கிய நாளை விட்டுவிட்டு, நிரந்தரமான நாளை மட்டும் அடித்துவிட்டேன். பெமாங்கு (தற்காலிகம்) என்பதற்கும் ஹாக்கிக்கி (நிரந்தரம்) என்பதற்கும் நடுவே ஒருவருடைய ஏழு மாதம் காணாமற்போயிற்று. அந்த கெப்டன் என் மேசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பிரதியை மேசைமேல் வைத்து, அந்த வரியில் விரலை ஊன்றிக்கொண்டு நின்றார். கார்பன் மை அவர் விரல்நுனியில் ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்க எழுந்தேன். "உட்காருங்கள், முதலில் திருத்துங்கள்" என்றார். முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சகோதரிக்கு ஒன்று சொல்கிறேன். தாளில் துளை விழுந்திருக்கலாம். ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் வரவுப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. அதில் யாரும் துளை போடுவதில்லை. வரிசை எண்ணைப் பிடித்தால், அதற்கு மேலும் கீழும் உள்ள கடிதங்களின் தேதியே மாதத்தைச் சொல்லிவிடும்.

பட்டர்வொர்த் அக்கா:

தஞ்சாவூர் தம்பி, நீங்கள் சொல்வது சட்டம். நான் சொன்னது எங்களுக்கு நடந்தது. அந்த அதிகாரி எழுதாமல் இருந்திருந்தால் எங்களிடம் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் இருந்திருக்காது. உங்கள் அண்ணனுக்குத் திருத்திக் கொடுத்தார்களா இல்லையா என்று நீங்கள் எழுதவே இல்லையே?

பிரிக்பீல்ட்ஸ் தஞ்சாவூரான்:

இன்னும் இல்லை, அக்கா.

செந்தூல் மகள்:

எழுத்தர் ஐயா, நீங்கள் சொன்ன பதிவேட்டைத்தான் அப்பாவும் கேட்டார். துளைக்கு அருகே பென்சிலில் வரிசை எண் இருந்ததை அவர் அன்றே தம் கையேட்டில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கே தெரியாது. நான்கு கடிதம் எழுதினார். 2006இல் ஒரு பக்கத்தில் பதில் வந்தது: தேதி 1.1.1996 என்று திருத்தப்படுகிறது, பணி மூப்புக்கு மட்டும், சம்பள நிலுவை இல்லை.

நிலுவைக்காகத் திரும்பவும் எழுதலாம் என்றேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழைய முகவரிப் புத்தகத்தில் ஓர் எண்ணைத் தேடினார். போஸ்னியாவில் அவருக்கு மேலதிகாரியாக இருந்து அந்த அறிக்கையை எழுதியவரின் எண். அறிக்கையைப் பிந்தி அனுப்பியவர் என்ற பழி பத்து ஆண்டாக அவர் தலையில்தான் இருந்திருக்கிறது. மணி அடித்துக்கொண்டிருந்தபோது அப்பா நாற்காலியில் இருந்தார். மறுமுனையில் குரல் கேட்டதும் எழுந்து நின்றுகொண்டார்.

"நீங்கள் அக்டோபரிலேயே சேர்ப்பித்துவிட்டீர்கள், துவான். பதிவேட்டில் இருக்கிறது" என்றார்.